கன்சர்வேட்டரியில் மழைநாள்

அந்த வார்த்தையை என் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் கண்ணாடி வேலை செய்கிற ஒரு காண்ட்ராக்டர். பாயா ரும்புட்டில், வரிசை வீடுகள் உள்ள ஒரு தாமானில், எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டில் சும்மா கிடந்த இடத்தை அடைத்து ஓர் அறை கட்ட வேண்டும், உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரிய வேண்டும், சமையலறையிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் எனக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னேன். அவர் கைப்பேசியைத் தடவித் தடவிப் படங்களைக் காட்டினார். சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. உள்ளே பிரம்பு நாற்காலி, பூந்தொட்டி, தூங்கி வழிகிற ஒரு பூனை.

“இதுக்குப் பேரு கன்சர்வேட்டரி அக்கா. இங்லண்ட் ஸ்டைல்லா. இந்தத் தாமான்ல யாரு வீட்லயும் இல்ல.”

“பேரு என்னமோ இருக்கட்டும் தம்பி. பூட்டு நல்லா விழுமா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். செடி வைக்கிற அறைக்கு எதற்குப் பூட்டு என்று கேட்க வாய் வந்திருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், செடிக்காகக் கட்டவில்லை, அப்பாவுக்காகக் கட்டுகிறேன் என்று.

அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கப் பட்டை சீவிப் பால்மரம் வெட்டியவர். அம்மா போன பிறகு என்னோடு வந்துவிட்டார். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து, மகள் ஜொகூரில் வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்று வருடங்களாக அவருக்கு மறதி நோய். முதலில் சாவியை மறந்தார், அப்புறம் பேத்தியை, அப்புறம் என்னை. நான் யாரோ சோறு போடுகிற ஒரு பொம்பளை. மறக்காதது ஒன்றே ஒன்று, பெரட்டு. தோட்டத்தில் விடியுமுன்னே ஆட்கள் எல்லாரும் கூடி நிற்பார்கள். கணக்கு எழுதுகிற கிராணி ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த மர வரிசை என்று சொல்லி அனுப்புவார். அதுதான் பெரட்டு. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

தினமும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாக மாட்டிக்கொண்டு முன்கதவைப் போட்டு உலுக்குவார். “நேரமாச்சு, நேரமாச்சு, பேரு கூப்ட்ருவாங்க!” என்பார். “அப்பா, இன்னிக்கு லீவுப்பா, படுங்க” என்று நான் சொன்னால் முறைப்பார்.

“லீவா? நீ யாரு சொல்றதுக்கு? நீ என்ன கிராணியா?”

ஒருநாள் நான் குளியலறையில் இருந்த நேரம் பார்த்துப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து ஒரு மலாய்க்காரர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். பெரிய ரோட்டு சிக்னலில், லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாராம். “காக், பாக்சிக் நாக் பெர்கி கெர்ஜா,” என்றார் அந்த மனிதர், வேலைக்குப் போகணும் என்கிறாரே என்று பாவமாக. மோட்டாரின் பின்னால் அப்பா என் வீடு துடைக்கிற வாளியைப் பால் வாளியாக எண்ணி மடியில் வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுவதா, அந்த வாளியைப் பிடுங்கி எறிவதா என்று தெரியவில்லை.

அந்த வாரம்தான் என் தம்பி பேச்சை எடுத்தான். அவனுக்கு மஸ்ஜித் தானாவில் ஒரு ஹார்ட்வேர் கடை. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு வந்து, ஒரு மணி நேரம் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவான்.

“அக்கா, டவுன்ல ஒரு ஹோம் பார்த்து வெச்சிருக்கேன். நல்ல எடம், சுத்தமா இருக்கு. ஒனக்கும் வயசாகுதுலா.”

“எனக்கு என்ன வயசு? ஒன்னவிட ரெண்டு வருசம் கூட, அவ்வளவுதான். நான் இருக்கற வரைக்கும் அவர் எங்கயும் போகமாட்டாரு. போய் கடையப் பாரு.”

சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம். இரண்டு வருடங்களாக நான் ஒருநாளும் முழுசாகத் தூங்கவில்லை. கண் அசந்தால் கதவு சத்தம், கதவு சத்தம் கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்ற பயம். அதனால்தான் இந்தக் கண்ணாடி அறை. அப்பாவின் கட்டிலை உள்ளே போட்டுவிடலாம். வெளியே லோங்காங் ஓரமாக, அந்தக் கழிவுநீர்க் கால்வாயை ஒட்டி, நகராட்சிக்காரர்கள் வரிசையாக நட்ட மரங்கள் தெரியும். அவர் பார்த்துக்கொண்டிருப்பார், நான் பூட்டிவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

முப்பது வருடம் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தவள் நான். தெரியாத வார்த்தையோடு ஒரு கடிதம் வந்தால் அகராதியைப் பார்க்காமல் கோப்பில் போடமாட்டேன். காண்ட்ராக்டர் கொடுத்த தாளில் கன்சர்வேட்டரி என்று பெரிய எழுத்தில் இருந்தது. அன்று மத்தியானம் அப்பா தூங்கும்போது தேடிப் பார்த்தேன். லத்தீனில் காத்தல், கண் வைத்திருத்தல் என்று பொருள்படும் ஒரு சொல்லின் முன்னால், முழுதாக என்று அழுத்தம் கொடுக்கிற ஓர் ஒட்டைச் சேர்த்திருக்கிறார்கள். கெட்டுப்போகாமல் வைத்துக் காக்கிற இடம், அதுதான் மூலப்பொருள். இத்தாலியில் நேப்பிள்ஸ் என்ற ஊரில் தாய்தகப்பன் இல்லாத பிள்ளைகளைப் பட்டினி கிடக்காமல் சேர்த்து வளர்த்த விடுதிகளை இப்படி அழைத்தார்களாம். அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டும் வாத்தியமும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் பாடிய பாட்டு ஊரெல்லாம் பேர் வாங்க, கடைசியில் இசைப்பள்ளிக்கே அந்தப் பேர் நிலைத்துவிட்டது. இங்கிலாந்துக்காரனோ வேறு கவலையில் இருந்தான். சூட்டு நாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த எலுமிச்சையும் ஆரஞ்சும் பனியில் செத்துப்போகின்றன. அவற்றைக் குளிர்காலத்தில் உள்ளே வைத்துக் காப்பாற்றக் கண்ணாடியில் வீடு கட்டினான், அதுவும் கன்சர்வேட்டரி. பிற்பாடு செடியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அங்கே நாற்காலி போட்டுத் தேநீர் குடிக்கப் பழகிக்கொண்டான்.

எனக்கு அந்தச் சரித்திரம் பிடித்திருந்தது. தாயில்லாப் பிள்ளை, எலுமிச்சை மரம், இப்போது எங்கப்பா. பிள்ளையைப் பசியிலிருந்து காத்தார்கள், மரத்தைக் குளிரிலிருந்து காத்தார்கள். நான் அப்பாவை லாரியிலிருந்து காக்கப் போகிறேன், தம்பி பார்த்து வைத்த ஹோமிலிருந்தும்தான். என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

குளிர்காலமே இல்லாத ஊரில் குளிருக்குக் கட்டுகிற அறையைக் கட்டியிருக்கிறேன் என்பது முதல் நாள் பதினோரு மணிக்குத்தான் உறைத்தது. அப்பளம் காயப் போடலாம், அவ்வளவு சூடு. கதவைத் திறந்து உள்ளே போனால் முகத்தில் அறைகிறது. அப்பா பனியன் நனைந்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதறிப்போய் அவரைச் சமையலறைக்கு இழுத்து வந்து முகம் துடைத்தேன். இருந்த காசையெல்லாம் கொட்டி ஓர் அடுப்பைக் கட்டி வைத்திருக்கிறாயே என்று தலையில் அடித்துக்கொண்டேன். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால், “ஏர்கோன் போடணும் அக்கா, நான் சொல்லலையா?” என்கிறார். எங்கே சொன்னார்! கடைசியில் செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயில் ஆணியால் துளை போட்டு, கூரையின் உச்சியில் நீளமாகக் கட்டினேன். குழாயைத் திருகிவிட்டால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்து கொஞ்சம் ஆறும். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, கண்ணாடிக்கு ஏன் தண்ணீர் ஊற்றுகிறாய், வளருமா என்று கேட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

பூட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்து மணிக்கு அப்பா கண்ணாடிக் கதவை உலுக்கினார், முன்கதவைவிட இன்னும் மோசமான சத்தம். என்றைக்கு உடைத்துக்கொண்டு கையைக் கிழித்துக்கொள்வாரோ என்று நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். முன்பு படுத்துக்கொண்டு பயந்தேன், இப்போது உட்கார்ந்துகொண்டு பயந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலையில் நிஜமாகவே மழை பெய்தது. வழக்கம்போல் அப்பா எழுந்தார், சட்டையை மாட்டினார், கதவருகே வந்தார். நின்றார். தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். கண்ணாடியில் தண்ணீர் ஓடுவதை ரொம்ப நேரம் பார்த்தார்.

“மழ,” என்றார். “மரம் நனஞ்சிருச்சு. இன்னிக்கு வேல இல்ல.”

சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மரப்பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது. வடிகிற பால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சேராமல் பட்டை வழியே பரவி மழையோடு போய்விடும். அதனால் மழை பெய்தால் பெரட்டு கலைந்துவிடும். நான் பிறந்து வளர்ந்த இடத்தின் சட்டம் அது, எனக்கே மறந்துபோயிருந்தது.

மறுநாள் வானம் சுத்தமாக இருந்தது. ஐந்து மணிக்குக் கதவு குலுங்கியது. நான் தடதடவென்று ஓடிப்போய்க் குழாயைத் திருகினேன். கூரையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் உலுக்கல் நின்றது. “மழ,” என்றது உள்ளேயிருந்து அப்பாவின் குரல். போய்ப் படுத்தவள் ஏழரைக்குத்தான் எழுந்தேன். இரண்டு வருடத்தில் முதல் முறையாக வெயில் முகத்தில் பட்டு விழித்தேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! தேங்காய்ச் சட்னியெல்லாம் அரைத்தேன்.

அப்புறம் தினமும் மழைதான். ஐந்துக்கு அலாரம், எழுந்து ஒரு திருகு, திரும்பப் படுக்கை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டினேன். அப்பா வெளியே போகவில்லை, கத்தவில்லை, கட்டிலில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு மட்டும் குறைந்தது. தட்டில் வைத்ததில் இரண்டு கை எடுப்பார், மீதியைத் தள்ளிவிடுவார். வயசானால் அப்படித்தான் என்று நான் எடுத்துக் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அப்பாவைக் கைத்தாங்கலாகத் தூக்கியவன் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னக்கா இது, எலும்பா இருக்காரு? சோறு போடறியா இல்லையா?”

“ஆமாடா, நான் தின்னுட்டு அவரப் பட்டினி போடறேன்! வாய்க்கு வந்தத பேசாத. குடுத்தா சாப்பிட மாட்டேங்கறாரு, நான் என்ன செய்ய?”

கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நோய் ஒன்றும் இல்லை. சாப்பிட்டால் போதும் என்றார்கள், இப்படியே போனால் தாங்கமாட்டார் என்றும் சொன்னார்கள். திரும்பும்போது காரில் தம்பி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“ஹோம்ல ஒரு கட்டில் காலியா இருக்குக்கா. நர்ஸ் இருக்காங்க, ஊட்டி விடுவாங்க. அடுத்த ஞாயிறு வந்து கூட்டிப் போறேன். நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.”

நான் சண்டை போடவில்லை. சண்டைக்கும் தெம்பு வேண்டும். ஊட்டி விட நர்ஸ் இருப்பார்கள், எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை அப்பாவின் துணிகளை அடுக்கத் தொடங்கினேன். தலையணை உறையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து பழைய பேப்பரில் மடித்த பொட்டலங்கள் விழுந்தன. பிஸ்கட், காய்ந்த ரொட்டித் துண்டு, உருட்டி வைத்துப் பூசணம் பிடித்த சோறு, பாதித் தோசை. அப்பா கட்டிலிலிருந்து பதறி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தாயி, அத எடுக்காத. எம்பிள்ளைங்களுக்கு வெச்சிருக்கேன்.”

“பிள்ளைங்களுக்கா?”

“மழ விட மாட்டேங்குதே. எத்தன நாளாச்சு வேலைக்குப் போயி! இப்படியே ஊத்துனா பிள்ளைங்க என்னத்த திங்கும்? ரெண்டும் சின்னது. நான் தாங்குவேன், எனக்கு என்ன, வயிறு மந்தமாத்தான் இருக்கு.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வயிறு மந்தமா இருக்கு. வருடக் கடைசி அடைமழையில், தோட்டத்து வீட்டில், நானும் தம்பியும் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அப்பா சொல்கிற வார்த்தை அது. சொல்லிவிட்டுத் தட்டை எங்கள் பக்கம் தள்ளுவார். நாங்கள் சண்டை போட்டுப் பிடுங்கித் தின்போம். அவருக்கு மழைக்காலத்தில் மட்டும் ஏன் வயிறு மந்தமாகிறது என்று அன்றைக்கும் யோசிக்கவில்லை, படித்து, வேலைக்குப் போய், பென்ஷன் வாங்குகிற இந்த வயது வரைக்கும் யோசிக்கவில்லை. தோட்டத்தைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான் எனக்கும் அந்த இடத்துக்கும் உறவு. இப்போது என் தூக்கத்துக்காக அந்த மழையை மறுபடியும் அவர் தலையில் கொட்டியிருக்கிறேன், ஒரு மாதத்துக்கு மேல், ஒருநாள் கூட விடாமல். அழுதேன். அவர் என் தலையைத் தடவி, “மழ விட்ரும் தாயி,” என்றார்.

வெள்ளிக்கிழமை அலாரம் அடித்ததும் நான் குழாயடிக்குப் போகவில்லை. முகம் கழுவி, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு, கண்ணாடி அறைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன். அப்பா சட்டையோடு தயாராக நின்றார். கூரையைப் பார்த்தார், காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தார். எதற்கோ காத்திருந்தார். எதற்கென்று எனக்குத் தெரியும், வாய்தான் வரவில்லை. அப்பாவின் பேரை விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறேன், நர்ஸ் கேட்டால் சொல்லியிருக்கிறேன். அந்தப் பேரை வைத்து அவரைக் கூப்பிட்டதில்லை. பெற்ற அப்பனை யார் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? மொட்டையாக, அதட்டலாக, ஒரு கிராணியைப் போல?

கூப்பிட்டேன்.

“இருக்கேங்க ஐயா!”

அப்படி ஒரு குரல் அவரிடம் இன்னும் இருக்கிறது என்று நான் நினைக்கவே இல்லை. முதுகு நிமிர்ந்துவிட்டது.

“லோங்காங் ஓரம். முதல் மரத்துலேர்ந்து கடசி வரைக்கும்,” என்றேன்.

வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே நான், நொண்டி நொண்டி. பதினோரு மரம். ஒவ்வொரு மரத்திலும் நெடுநேரம் நின்று, பட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, வெட்டுவதுபோல் வெறுங்கையால் கோடு இழுத்து, அடுத்ததற்குப் போனார். என் உயிர் போய்க்கொண்டிருந்தது, தூக்கம் கண்ணைச் சொருகியது. திரும்பி வரும்போது நன்றாக விடிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தவர், “பிள்ளைங்க சாப்ட்டாச்சா?” என்று கேட்டார். ஆச்சு என்றேன். மூன்று இட்லி சாப்பிட்டார்.

சனிக்கிழமையும் அப்படியே. ஞாயிறு காலை தம்பி வந்தபோது, நானும் அப்பாவும் அப்போதுதான் மரங்களை முடித்துவிட்டு உள்ளே நுழைந்தோம். துணிப்பை வாசலில் தயாராக இருந்தது. அப்பா உட்கார்ந்து, தட்டைத் தொடாமல் கேட்டார், “பிள்ளைங்க சாப்ட்டாச்சா?”

தம்பிக்கு விஷயம் தெரியாது. “சாப்ட்டோம்ப்பா,” என்றான்.

அப்பா அவனுடைய நரைத்த தலையைப் பார்த்தார். “ஒங்கள கேக்கலங்க. எம்பிள்ளைங்கள கேட்டேன். சின்னவன் பசி தாங்கமாட்டான்.”

தம்பி என்னைப் பார்த்தான். தலையணை உறையில் கிடைத்ததையும் மழையையும் நான் மெதுவாகச் சொன்னேன். வயிறு மந்தம் என்றதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அப்பாவின் முன்னால் குனிந்து, யாரோ மூன்றாம் மனிதனைப் போல, “சின்னவன் நல்லா சாப்ட்டாங்க. வயிறு நெறஞ்சிருச்சு,” என்றான்.

“அப்ப சரி,” என்று அப்பா தட்டை இழுத்துக்கொண்டார்.

தம்பி துணிப்பையை எடுத்து உள்ளே வைத்தான். ஹோமுக்குப் போன் போட்டு, கட்டில் வேண்டாம் என்றான். போகும்போது, “சனிக்கிழம பெரட்டு நான் எடுக்கறேன்க்கா. வெள்ளிக்கிழம சாயங்காலமே வந்துர்றேன். நீ தூங்கு,” என்றான்.

“பேர் சொல்லிக் கூப்பிடணும். ஒனக்கு வருமா?”

“அதெல்லாம் வரும்லா.”

அந்தச் சனிக்கிழமை நான் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக் கதவின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி தொண்டையைச் செருமினான், ஒருமுறை, இரண்டுமுறை. அப்பாவின் பேர் பாதி வந்து உடைந்துபோயிற்று. எழுந்து போகலாமா என்று கால் எடுத்தேன். அதற்குள் அவன் மறுபடியும் கூப்பிட்டுவிட்டான், இந்தமுறை முழுசாக, கத்தலாக.

“இருக்கேங்க ஐயா!” என்றார் அப்பா.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனேன்.